திரிந்தது கல்லா, நாமா?

அன்புடையீர்,

அயெந்தே விண்கல் பற்றிய உங்கள் கட்டுரையை என் உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்களான சமதானிகள் எங்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கும் என்றுதானே கற்பிக்கிறோம்; சூரியனும் கோள்களும் வாயுவும் தூசும் கலந்த ஒரே முகிலில் பிறந்தவை என்றால் இந்தக் கல்லில் மட்டும் அது ஏன் மாறுகிறது, அருகில் விண்மீன் ஏதும் வெடித்ததா என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

இரசாயன ஆசிரியை, வெள்ளவத்தை

மதிப்புக்குரிய ஆசிரியைக்கு,

மாணவி கேட்டதில் ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லாதது என் கட்டுரையின் குறை.

1969 பெப்ரவரி 8 அதிகாலையில் மெக்சிகோவில் விழுந்த அந்தக் கல்லை அறுத்தால், கரிய பரப்பில் வெண்ணிறத் திட்டுகள் தெரியும். கல்சியமும் அலுமினியமும் செறிந்த இவை ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டு பழையவை. சூரியத் தொகுதியில் உருவான திண்மங்களுள் வயது கணிக்கப்பட்ட மூத்தவை இவையே. 1976இல் கலிபோர்னியாவில் வசர்பேர்க் குழுவினர் ஒரு திட்டினுள் கனிமம் கனிமமாக மகனீசியத்தை அளந்தபோது, அலுமினியம் மிகுந்து மகனீசியம் மிக அருகியிருந்த அனோதைற்று என்ற கனிமத்தில் மகனீசியம்-26இன் விகிதம் உயர்ந்திருந்தது. அலுமினியத்தின் பங்கு குறைந்த கனிமங்களில் அந்த உயர்வும் குறைந்தது. ஆகவே அந்த மிகை, பளிங்கினுள் அலுமினியம்-26 ஆகவே புகுந்து அங்கேயே மகனீசியம்-26ஆகச் சிதைந்திருக்க வேண்டும். அதில் பாதி சிதைய எடுக்கும் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள்தான் என்பதால், அது உருவாகிச் சில மில்லியன் ஆண்டுகளுக்குள் திட்டு உறைந்துவிட்டது. அதைத் தந்தது வெடித்த விண்மீனா, பெருந்திணிவு விண்மீனொன்றின் காற்றா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

முகில் முற்றாகக் கலக்கவில்லை என்பதற்கு நேரடிச் சாட்சி வேறு. இரத்தினபுரியில் இல்லம் எனப்படும் சரளையை அரித்துக் கல் பொறுக்குவதுபோல, வேறொரு விண்கல்லை அமிலத்தில் கரைத்து எஞ்சியதிலிருந்து 1987இல் சிலிக்கன் காபைட்டுத் துணிக்கைகளைப் பிரித்தெடுத்தார்கள். பூமியில் காபன்-13இன் ஓர் அணுவுக்குக் காபன்-12இன் அணுக்கள் ஏறத்தாழ 89. இத்துணிக்கைகளிலோ சிலவற்றில் 10க்கும் கீழே, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேலே. இவை சூரியனுக்கு முந்திய விண்மீன்களின் தூசு, உருகாமல் தப்பியவை.

ஒட்சிசனின் கதை வேறு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். திட்டுகளில் ஒட்சிசன்-16 பூமியிலுள்ளதைவிடச் சில சதவீதம் மிகுந்திருப்பதை 1973இல் கண்ட கிளேட்டன் குழுவினர், அது விண்மீனொன்றில் உருவாகிக் கலந்தது என்றே கருதினர். புறஊதாக் கதிர் முகிலிலிருந்த காபனோரொட்சைட்டைச் சமதானிக்கேற்ப வேறுவேறு அளவில் உடைத்ததன் விளைவு என்ற விளக்கமே இன்று மேலோங்கி நிற்கிறது. ஜெனசிஸ் விண்கலம் கொண்டுவந்த சூரியக் காற்றின் அளவீடு 2011இல் வெளியானபோது, சூரியனும் திட்டுகளின் பக்கமே நின்றது. திரிந்தவை பூமியும் நம் கடல்நீரும்தான். இதை மாணவியிடம் சொல்லுங்கள்.