பிரச்சனை அவன் போடுற டிரஸ் மட்டும்தான் மேடம்

கேள்வி:

மேடம் வணக்கம். நான் ஒரு டெய்லர். கோட், சூட், பேன்ட்னு ஆம்பளைங்க துணி மட்டும்தான் தைப்பேன், என் அப்பாவுக்கும் இதே தொழில்தான். எனக்கு ஒரே பையன், 22 வயசு, ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறான். அவன் படிப்பு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, நான்தான் சேர்த்து விட்டேன். பிரச்சனை அவன் போடுற டிரஸ் மட்டும்தான்.

எப்படி சொல்றதுன்னே தெரியல. வெள்ளி கலர்ல பளபளன்னு ஒரு மேல்சட்டை, அதுல தோள்பட்டைன்னு ஒண்ணே கிடையாது, தொளதொளன்னு தொங்குது. கீழ பேன்ட்டா பாவாடையான்னு தெரியாத ஒரு சமாச்சாரம். கழுத்துல முத்து மாலை, நகத்துல கருப்பு பாலிஷ். கேட்டா இதுதான்பா ஃப்யூச்சர்ங்கிறான். பியர் கார்டின்னு ஒரு பிரெஞ்சு டிசைனர் 1964லயே காஸ்மோகார்ப்ஸ்னு பேர் வெச்சு ஆம்பளைங்களுக்கு விண்வெளிக்கு போற மாதிரி டிரஸ் பண்ணாராம். பண்ணாரு சரி, இன்னிக்கு அதை எவன் போட்டுட்டு திரியிறான்? என்கிட்ட வர்றவங்க இன்னும் ரெண்டு பட்டன் கோட் தான் கேக்குறாங்க.

அவன் போடுற மடிப்பு மடிப்பான துணிய பத்தி கேட்டா இஸ்ஸே மியாகேன்னு ஒரு ஜப்பான் டிசைனர் பேர சொல்றான். நாங்க மடிப்பு வெச்சுட்டு தைப்போம், அவங்க முதல்ல டிரஸ்ஸ ரெண்டு மூணு மடங்கு பெருசா தைச்சுட்டு, அதுக்கப்புறம் பேப்பருக்கு நடுவுல வெச்சு சூடு மெஷின்ல விட்டு எடுப்பாங்களாம், பாலியஸ்டர்ங்கறதால அந்த மடிப்பு துவைச்சாலும் போகாதாம். எல்லாம் சரி, ஆனா ஆம்பளை போடுற துணியா அது? கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு கை வெக்க என்னை கூப்பிட்டான், தோளே இல்லாத சட்டைக்கு கை எங்கடா வெக்கிறதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க மேடம். சொந்தக்காரங்க கேக்குறாங்க. ஊருக்கே கோட் தைக்கிறவன், பெத்த புள்ள இப்படி நின்னா எனக்கு என்ன மரியாதை? போன மாசம் கோவத்துல ஆம்பளையாடா நீன்னு நேராவே கேட்டுட்டேன். அன்னிக்கு இருந்து என்கூட பேச்சு இல்ல, எதுன்னாலும் அவங்க அம்மா வழியாத்தான். பெத்தவன் ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?

சாயங்காலம் கிளம்புனான்னா திரும்ப ராத்திரி ஆயிடும். அவனுக்கு தெரியாம வண்டிய எடுத்துட்டு கொஞ்சம் தள்ளி பின்னாடியே போவேன், பஸ் ஏறுற வரைக்கும் பார்த்துட்டு வருவேன், திரும்பி வர நேரத்துக்கும் ஸ்டாப்புக்கு எதிர்ல நிப்பேன், அவன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நான் வந்து படுத்துருவேன். என் தம்பியும் இவன மாதிரிதான், நீளமா முடி வளர்த்துட்டு பூப்போட்ட சட்டை போட்டுட்டு திரிஞ்சான், ஒரு நாள் நாலு பேரு சேர்ந்து ஆம்பளையாடா நீன்னு கேட்டு கேட்டு அடிச்சானுங்க, நான் தூரத்துல நின்னுட்டு இருந்தேன், எனக்கும் சின்ன வயசுதான் அப்ப. அதோட படிப்ப விட்டுட்டான். இப்பவும் வெள்ளை சட்டை தவிர எதுவும் போட மாட்டான், நான்தான் தைச்சு குடுக்குறேன். அது வேற கதை விடுங்க.

என் கேள்வி இதுதான், இந்த டிரஸ் பைத்தியம் வயசு ஆக ஆக போயிடுமா? கவுன்சிலிங் கூட்டிட்டு போகணுமா? அவன ஆம்பளையா நடந்துக்க வைக்க என்ன பண்ணணும்? மத்தபடி நல்ல பையன்தான் மேடம், கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. டிரஸ் மட்டும்தான்.

பதில்:

சார், வணக்கம். டிரஸ் மட்டும்தான் பிரச்சனைன்னு நீங்க திரும்ப திரும்ப எழுதியிருக்கீங்க. அது வேற கதை விடுங்கன்னு நீங்க தள்ளி வெச்ச இடத்துல இருந்துதான் நான் ஆரம்பிக்கப் போறேன், மன்னிச்சுக்கோங்க. உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது அந்த நாலு வரி மட்டும்தான்.

பையனை நினைச்சு வெக்கப்படுற அப்பா, பையன் வெளிய போனா அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. ராத்திரி ஸ்டாப்புக்கு எதிர்ல ஒளிஞ்சு நிக்க மாட்டாரு. நீங்க மரியாதை போச்சுன்னு எழுதுறீங்க, ஆனா மரியாதைக்காக யாரும் வண்டிய எடுத்துட்டு பின்னாடி போறதில்ல சார். நீங்க பயந்து போயிருக்கீங்க. தம்பிக்கு நடந்தது பையனுக்கும் நடந்துருமோங்கற பயம், அதை இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லாம உள்ளேயே வெச்சிருக்கீங்க. சின்ன வயசுல அதை தூரத்துல நின்னு பார்த்த ஒருத்தருக்கு இது வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அப்ப உங்களால எதுவும் பண்ணியிருக்க முடியாது, அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

அந்த பயம் வெறும் கற்பனைன்னு நான் சொல்ல மாட்டேன். ஹாரி ஸ்டைல்ஸ்னு ஒரு இங்கிலாந்து பாடகர் கவுன் போட்டுட்டு அமெரிக்க வோக் ஃபேஷன் பத்திரிகையோட 2020 டிசம்பர் இதழ் அட்டையில வந்தாரு, அந்த அட்டையில தனியா வந்த முதல் ஆம்பளை அவர்தான். பாராட்டும் வந்துச்சு, ஆம்பளைத்தனம் போச்சுன்னு திட்டும் வந்துச்சு. ஆனா அவரு ராத்திரி பஸ்ல வீட்டுக்கு போகல. உங்க பையன் பஸ்ல போறான். மேடையிலயும் அட்டையிலயும் கைதட்டு வாங்குற துணிக்கு தெருவுல அடி விழலாம், 1960கள்ல இருந்தே இப்படித்தான். பூப்போட்ட சட்டை, கலர் கலரா கோட், நீள முடின்னு ஆம்பளைங்க மாறுனப்ப அதுக்கு பீகாக் ரெவல்யூஷன், அதாவது மயில் புரட்சின்னு பேர் வெச்சு பத்திரிகைங்க கொண்டாடுச்சு, அது தெருவுக்கு வந்தப்ப உங்க தம்பி மாதிரி எத்தனையோ பேரு உடம்பால விலை குடுத்தாங்க. அதனால நீங்க பயப்படுறதுல தப்பு இல்ல.

ஆனா இனி சொல்லப்போறது உங்களுக்கு வலிக்கும். உங்க தம்பிய அடிச்சவங்க என்ன கேட்டு அடிச்சாங்க? ஆம்பளையாடா நீ. போன மாசம் நீங்க பையன்கிட்ட என்ன கேட்டீங்க? ஒரே கடிதத்துல ரெண்டையும் எழுதியிருக்கீங்க, ரெண்டும் ஒரே கேள்விங்கறத கவனிக்கலைன்னு நினைக்கிறேன். நீங்க பயத்துல கேட்டீங்க, அவங்க வெறியில கேட்டாங்க, எனக்கு அந்த வித்தியாசம் புரியுது, உங்க பையனுக்கு எப்படி புரியும்? நீங்க பின்னாடியே வர்றது அவனுக்கு தெரியாது. அவனுக்கு தெரிஞ்சதெல்லாம் அந்த கேள்வி மட்டும்தான். தெருவுல கேக்கறதையே வீட்லயும் கேட்டா அவன் எங்கதான் போவான்? பெத்தவன் ஒரு வார்த்தை கேக்கக்கூடாதான்னு கேட்டிருக்கீங்க. இந்த வார்த்தைய கேக்கக்கூடாது சார். மத்ததெல்லாம் கேளுங்க.

ஆம்பளையா நடந்துக்க வைக்கணும்னும் எழுதியிருக்கீங்க. ஆம்பளை உடம்புன்னு நாம பாக்குற பாதி எதுன்னு என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும், கோட்டுக்கு உள்ள கேன்வாஸ்ங்கற விறைப்பு துணி வெச்சு நெஞ்ச எடுப்பா காட்டுறது யாரு, பேட் வெச்சு தோள தூக்கி விடுறது யாரு? தோள் சரிஞ்சவர் கடைக்குள்ள வந்து உங்க கையால கம்பீரமா வெளிய போயிருக்காரு. அந்த கம்பீரம் பொய்யின்னு சொல்ல வரல, அது நல்ல வேலை. ஆனா அது தைச்சு உண்டாக்குனது. ஃப்ளூகல்னு ஒரு உளவியலாளர் 1930ல எழுதினாரு, 18ஆம் நூற்றாண்டு கடைசியில ஐரோப்பிய ஆம்பளைங்க அழகா இருக்கிற உரிமைய தாங்களே விட்டுக்குடுத்துட்டாங்க, இனிமே நாங்க பயனா மட்டும் இருப்போம்னு ஒதுங்கிட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடி பிரான்ஸ்ல 14ஆம் லூயி சிவப்பு குதிகால் வெச்ச செருப்பும் லேசும் போட்டுட்டு ராஜாவா உக்காந்திருந்தாரு, அவரை யாரும் அந்த கேள்வி கேக்கல. கைக்கடிகாரம் கூட பொம்பளைங்க நகையா இருந்ததுதான், முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்க பாக்கெட்ல இருந்து வாட்ச எடுத்து பாக்க முடியாம கையில கட்டினதுக்கப்புறம் அது ஆம்பளைங்க சாமான் ஆயிடுச்சு. உங்க பையன் அந்த விட்டுக்குடுத்த உரிமைய திரும்ப கேக்குறான், அவ்வளவுதான். தோள் இல்லாத சட்டை போடுறவன் நெஞ்சை நிமித்தாமலே மனுஷனா நிக்க முடியுமான்னு பாக்குறான். அது உங்க தொழில எதுத்து இல்ல, உங்க தொழில்ல இருந்துதான் வருது. இன்னும் இருபது முப்பது வருஷத்துல எல்லாரும் இதையே போடுவாங்களான்னா யாராலயும் சொல்ல முடியாது. 1939ல வோக் பத்திரிகை வருங்கால டிரஸ் எப்படி இருக்கும்னு டிசைனர்களை கேட்டப்ப கில்பர்ட் ரோட்ங்கறவர் வருங்கால ஆம்பளைக்கு ஒரே துணியில முழு சூட்டும் தலையில ஆன்டெனா தொப்பியும் வரைஞ்சு குடுத்தாரு. அப்படி யாரும் திரியல. அவன் சொல்ற ஃப்யூச்சர் நடந்தாலும் நடக்கலைன்னாலும் அவனுக்கு இன்னிக்கு அப்பா வேணும்.

வயசானா போயிடுமான்னு கேட்டதுக்கு: போகலாம், போகாமலும் இருக்கலாம். அவனுக்கு கவுன்சிலிங் வேணும்னு இந்த கடிதத்தை வெச்சு எனக்கு தோணல. உங்களுக்கு யார்கிட்டயாவது உக்காந்து பேசுறது நல்லதுன்னு தோணுது. இன்னொண்ணு, மடிப்பு துணி எப்படி பண்றாங்கன்னு எனக்கு எழுதினீங்க பாருங்க, அவ்வளவு துல்லியமா ஒருத்தர் சொல்லணும்னா பையன் பேசினத ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கணும். அவன் கை வெக்க உங்களைத்தான் கூப்பிட்டிருக்கான், காலேஜ்ல எத்தனையோ பேரு இருந்தும்.

முதல்ல தம்பிகிட்ட போங்க. அவர் கதைய பையன்கிட்ட சொல்லலாமான்னு கேளுங்க, ஏன்னா அது அவரோட கதை. சட்டைக்கு அளவெடுக்கும்போது என்ன கலர் வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா, இல்லைன்னா அதையும் கேளுங்க, வெள்ளைதான்னு சொன்னா வெள்ளையே தைங்க. அவர் சரின்னா பையனை உக்கார வெச்சு நீங்க பார்த்தத சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டு அதனால இதை போடாதேன்னு மட்டும் சேர்க்காதீங்க, சேர்த்தீங்கன்னா அவன் காதுல கடைசி வரி மட்டும்தான் விழும். போன மாசம் கேட்டதுக்கு மன்னிப்பு கேக்க தோணுச்சுன்னா கேளுங்க, அப்பாங்கறதால கேக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒளிஞ்சு பின்னாடி போறத நிறுத்துங்க. அவன் ஒரு நாள் திரும்பி பார்த்தான்னா அதை வேவு பாக்குறதாத்தான் எடுத்துக்குவான். நேரா கேளுங்க, எந்த ரூட்ல போற, எந்த இடத்துல உனக்கே ஒரு மாதிரி இருக்கு, நான் வண்டியில கொண்டு வந்து விடட்டுமான்னு. வேணாம்னு சொன்னா வீட்லயே இருங்க, கஷ்டமாத்தான் இருக்கும். பஸ் ஏறினதும் ஒரு மெசேஜ், இறங்கினதும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, அவங்க அம்மாவுக்கு இல்ல, உங்க நம்பருக்கு.