பார்கின்சன் வந்தவர்களுக்குக் கை நடுக்கம்தான் பெரிய தொல்லையா?

எனக்கு இந்த நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. என்னைக் கேட்டால் நடுக்கத்தைக் கடைசியில்தான் வைப்பேன். கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. எதையாவது எடுக்கப் போனால் பெரும்பாலும் தானாகவே அடங்கியும் விடும்.

படுத்துவது மந்தம்தான். நான் சட்டைக்குப் பட்டன் போட்டு முடிப்பதற்குள் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். எழுதத் தொடங்கினால் முதல் சொல் ஒழுங்காக வரும், போகப்போகக் கடுகளவாகச் சிறுத்துவிடும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக் திரும்பி வந்தது. வங்கியில் புதிதாக மாதிரிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். இப்போது அதைவிடவும் சின்னதாக வருகிறது!

முகத் தசைகளும் இறுகிப்போவதால் உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. கல்யாண வீடுகளில் "மாமாவுக்கு என்ன கோபம்?" என்று மனைவியிடம் விசாரிக்கிறார்கள்.

அறை வாசலில் சில நேரம் கால் அப்படியே நின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நிலைப்படிக்கு முன்னால் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். நேராக நடக்கச் சொன்னால் நகராத கால், அந்தக் கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுகிறது. இதை இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் பார்க்கிறேன்.

உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தை மூளையில் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் வினை இது. அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா மாத்திரை. அது வேலை செய்யும்வரை நான் பழைய ஆள். வேகம் இறங்கிவிட்டால் நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடு. குளியல், வங்கி, விசேஷம் எல்லாம் மாத்திரை நேரத்தை ஒட்டித்தான். இது புரியாதவர்கள், "காலையில் நன்றாகத்தானே நடந்தார், இப்போது நடிக்கிறாரா?" என்கிறார்கள். நோயைவிட அந்தப் பேச்சுதான் வலிக்கிறது.

உணவிலுள்ள புரதம் இந்த மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுவேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முட்டை, பருப்பு அயிட்டங்களை இரவுக்குத் தள்ளிவிட்டோம். பகல் எனக்கு முக்கியம்.

அப்புறம், பூனைக்காலி என்ற மூலிகைக் கொடியின் விதைப் பொடியைச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே மாத்திரை போடுபவர்களுக்கு அளவு கூடினால் கை கால் தானாக நெளிய ஆரம்பித்துவிடும். நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.