மீட்கப்பட்ட பெண்ணுக்கு 18 வயது ஆகப்போகிறது, தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

நீங்கள் கேட்டது இது: 14 வயதில் ஒரு நூற்பாலையிலிருந்து மீட்கப்பட்ட பெண், இப்போது குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். எட்டு மாதத்தில் 18 முடியப்போகிறது. தையல் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தால் சொந்தக் காலில் நின்றுவிடுவாளா?

எட்டு மாதம் கையில் இருக்கிறதே, அதற்கே சந்தோஷம். எங்களிடம் பெரும்பாலும் பிறந்தநாளுக்கு முந்தின வாரம்தான் ஆள் தேடி வருவார்கள். மதுரைப் பக்கம் இல்லங்களை விட்டு வெளியே வரும் பிள்ளைகளோடு பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். மிஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் தானாக முடிவெடுத்துப் பழக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இதேபோல மில்லிலிருந்து வந்த ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்து, மகளிர் விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். அன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு போன். "அக்கா, லைட்டை அணைச்சிடட்டுமா?" மறுநாள், "அக்கா, ஷாம்பு பாக்கெட் ஒண்ணு வாங்கிக்கவா?" அந்த வாரமே கடைக்காரர் மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தது தெரிந்தும் கேட்காமல் வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்தான், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். ஆனால் மில்லில் பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். இல்லத்தில் எழுவது, சாப்பிடுவது, டிவி பார்ப்பது எல்லாம் மணி அடித்தால்தான். அங்கே அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் அத்தனை வருடத்தில் ஒரு சோப்பைக்கூட அவளாகப் பார்த்து வாங்கியதில்லை.

அதனால் இல்லத்துப் பொறுப்பாளரிடம் பேசி, அனுமதி வாங்கி, வாரம் ஒரு முறை 200 ரூபாயோடு அவளைச் சந்தைக்கு அனுப்பச் செய்யுங்கள். கூடப் போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அழுகல் தக்காளி வாங்கினாலும் வாங்கட்டும். வங்கியில் சலானை அவளே நிரப்பட்டும். இரண்டு பஸ் மாறி ஓர் இடத்துக்குப் போய் வரட்டும். வழி தப்பினால் கூட்டிவர ஆள் இருக்கும்போதே ஒரு தடவை தப்பிப் பார்க்கட்டும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வார்த்தையில்கூடக் கவனமாக இருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காக வட மாநிலத்தில் ஒரு முறுக்கு கம்பெனிக்கு அனுப்பப்பட்டவன். விடிவதற்கு முன்பே எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும், முழங்கை வரைக்கும் தழும்பு. மீட்கப்பட்டு, படித்து, ஐடிஐயில் வெல்டர் முடித்து, கோயம்புத்தூரில் வேலையும் கிடைத்தது. அறை பார்க்க நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். "இருபதாயிரம் அட்வான்ஸ் தம்பி, கொடுத்துட்டு சாவி வாங்கிக்கோ" என்றார். பையன் முகம் சுண்டிவிட்டது. மாடிப்படி இறங்கி வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அதுக்கு எத்தனை வருஷம் இவர்கிட்ட வேலை பார்க்கணும்?"

அவனுக்குத் தெரிந்த ஒரே அட்வான்ஸ் அதுதான். இது நீ கொடுக்கிற பணம், காலி பண்ணும்போது திரும்ப உனக்கே வரும் என்று சொல்லி, வீட்டுக்காரரையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்தத் தாளை அவன் இன்னும் வைத்திருக்கிறான். அன்றைக்கு அப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்: சம்பளச் சீட்டில் என்ன இருக்க வேண்டும், பி.எஃப். என்றால் என்ன, முதலாளி அவசரத்துக்குக் கொடுக்கும் கைமாற்று எந்த இடத்தில் கழுத்துக் கயிறாக மாறும், ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏன் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

சரி, காகிதங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மீட்கப்பட்ட அவசரத்தில் ஆளுக்கொரு தேதி எழுதியிருப்பார்கள். இல்லத்தில் இருக்கும்போதே திருத்துவது எளிது. வெளியே வந்தபின் ஓர் அலுவலகத்தில் ஒரே எழுத்துப் பிழைக்காக ஒரு பிள்ளையை ஐந்து தடவை அலையவிட்டார்கள். ஐந்தாவது தடவை அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 46, இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. அலுவலகத்தில் இதை ஆஃப்டர் கேர் என்பார்கள். 21 வயது வரை உண்டு, தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்க விதிகளில் இடம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தானாக வந்து சேராது, கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, அவளை மீட்டபோது கொத்தடிமை என்று விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். கொடுத்திருந்தால் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, பெண்களுக்கும் கட்டாய வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். பெருந்தொகை, அவளை அடிமையாக வைத்திருந்தவர்கள் மேல் நடக்கும் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் வருடக்கணக்கில் இழுக்கும். அதை நம்பி வாடகைக்குத் திட்டம் போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கும் மனு போடலாம், வக்கீல் இலவசம்.

வழக்கு நடந்தால், அவள் வேலையில் நிலைபெறும் நேரத்தில் சம்மன் வரும். முதலாளியிடம் என்ன சொல்லி லீவு கேட்பது என்று இப்போதே பேசி வையுங்கள். முழுக் கதையையும் யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. காணொளி வழியே சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம்.

இனி மிஷின். தையல் நல்ல தொழில், பிழைப்பவர்கள் ஏராளம். ஆனால் மீட்கப்பட்ட பெண் என்றாலே தையல் என்று வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பஞ்சுத் தூசியிலும் மிஷின் இரைச்சலிலும் துன்பப்பட்டவளை இன்னொரு மிஷின் முன்னால் உட்காரவைக்கும் முன் அவளைக் கேட்டீர்களா? எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்பாளோ என்னவோ. அரசு ஐடிஐயில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. வேலை கிடைத்ததும் தங்க, வேலை பார்க்கும் பெண்களுக்கென்று தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மில்லுக்கு ஆள் பிடித்த புரோக்கர் பல நேரம் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். கடன் அப்படியே இருக்கும். கல்யாணம் பண்ணி வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்கிற பேச்சும் வரும். அவளாக ஆசைப்பட்டு, சம்பாதிக்க ஆரம்பித்தபின் செய்துகொண்டால் சந்தோஷம். இருக்க இடமில்லை என்பதற்காகக் கல்யாணமா? தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஆஃப்டர் கேர் கேட்டு மனு எழுதுங்கள். அவளே தன் கையால் எழுதட்டும், எத்தனை தாள் கிழிந்தாலும் பரவாயில்லை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி அவள் கையில் கொடுங்கள்.