மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளத்தை மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். மெனு, தேடல், படிவம் என்று எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா? இப்போது எதன்மேல் நிற்கிறோம் என்று தெரிகிறதா? பல தளங்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் கட்டத்தை, அழகைக் கெடுக்கிறது என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறிமொழியில்) நீக்கியிருப்பார்கள். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் அதை நம்பித்தான் நகர்கிறார்.

அடுத்து, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'பட்டன்' என்று மட்டும் சொல்லி நின்றால், அதற்குப் பெயரே வைக்கவில்லை என்று பொருள். பூதக்கண்ணாடிப் படம் மட்டும் போட்ட தேடல் பட்டனில் இது சகஜம். படிவப் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பையும் லேபிளாக நம்பாதீர்கள். தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரம்) கொடுங்கள்; வெறும் அலங்காரம் என்றால் அதைக் காலியாக வையுங்கள். அப்புறம், தமிழ்ப் பக்கத்தின் நிரலில் குறிக்கும் மொழிக் குறியீடும் தமிழாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வீடியோவுக்கு வசனவரி அவசியம். முழு விதிகளும், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023இல் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.2 என்ற வழிகாட்டியில் இருக்கின்றன, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள 'ஏஏ' நிலையை இலக்காக வைத்தால் சரி.

ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, தளத்தின் மேல் ஒட்டவைக்கும் அந்த ஓவர்லே கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். படிவத்தின் அடிப்படைக் கோளாறு அப்படியேதான் இருக்கும்.