முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இது. ஊரில் படித்து வேலைக்குப் போன நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன் எடுக்க ஆசை. கையில் பெரிய பணம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் மரக்காணம் பக்கம், உப்பள வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய உள்ள ஊரில் இருப்பவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் அவரவர் தெருவிலேயே வகுப்பு எடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். அங்கே பார்த்துப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்: டியூஷன் எடுங்கள், அது அவசியம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய நோட்டு வாங்கி, உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அந்தப் பக்கத்தில் மதிப்பெண் எதுவும் வேண்டாம். பள்ளிப் பதிவில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கின்றன, ஆதாரில் எப்படி இருக்கின்றன, பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றா, சாதிச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா. இவ்வளவுதான். பார்த்தால் எழுத்தர் வேலை மாதிரி தெரியும். எங்கள் ஊரில் பிள்ளைகளைப் படிப்பில் தக்கவைத்ததில் பாதிக்கு மேல் இந்த வேலைதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பிள்ளை படிப்பை விடுவது ஏதோ ஒரு நாள் பாடம் புரியாமல் போனதால் மட்டும் நடப்பதில்லை. ஐந்தாவது முடியும்போது, எட்டாவதில், பத்தாவது ரிசல்ட் வரும்போது, ப்ளஸ் டூ முடிந்த பிறகு என்று சில திருப்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தாளோ, ஒரு தேதியோ, விவரம் சொல்ல ஒரு ஆளோ இல்லாமல்தான் பெரும்பாலும் கை நழுவிப் போகிறார்கள். படித்த குடும்பத்தில் இதையெல்லாம் மாமாவோ சித்தியோ சொல்லிவிடுவார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தச் சித்தி இல்லை. நீங்கள் நாலைந்து பேரும் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும்.

ஐந்தாவது முடியும் இடத்தை யாரும் கவனிப்பதே இல்லை, அதனால் அதை முதலில் சொல்கிறேன். ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து முடித்ததும், கடன் வாங்கியாவது ஆறாவதில் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று பெற்றோர் துடிப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் அடிப்படை அந்த ஆறு முதல் பன்னிரண்டு வரைதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இந்த 1,000 ரூபாயில் சேர்த்திருக்கிறார்கள். ஆறாவதில் எடுக்கும் முடிவு ஏழு வருடம் கழித்துப் பணமாகவும் இடமாகவும் வந்து நிற்கிறது என்பதை ஏப்ரல் மாதமே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுத் தனியாரில் சேர்த்தால் சேர்க்கட்டும், வருத்தப்படாதீர்கள்.

அடுத்தது எட்டாவது. இங்கேதான் உங்கள் டியூஷனுக்கு நேரடியான வேலை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை என்.எம்.எம்.எஸ். என்று சொல்வார்கள். அதில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது நான்கு வருடத்தில் 48,000 ரூபாய், நேராகப் பிள்ளையின் கணக்குக்கு வருகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. பாடப் பகுதி ஏழாவது, எட்டாவது புத்தகங்களிலிருந்துதான் வரும். மனத்திறன் பகுதி பள்ளியில் தனியாகச் சொல்லித் தரப்படும் பாடம் இல்லை. எண் தொடர், விடுபட்ட உருவம், கண்ணாடிப் பிம்பம், நாட்காட்டிக் கணக்கு என்று போகும். பயிற்சி இல்லாத பிள்ளை பார்த்ததும் பயந்துவிடும். பழகிய பிள்ளைக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்க ஒரு பட்டதாரியால் கண்டிப்பாக முடியும்.

தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் உப்பள வேலை நின்றுவிடும். கையில் காசு இருக்காது, ஆனால் அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறவர்கள் அவர்கள். அதனால் என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நாங்கள் அந்த மழை மாதங்களில்தான் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் நெல்லோ, செங்கல் சூளையோ, மீன்பிடியோ எதுவானாலும், வேலை ஓயும் காலம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்து உங்கள் நாட்களை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு அழைத்தால் பத்தில் இரண்டு பேர்தான் வருவார்கள். வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் பத்துப் பேரும் பேசுவார்கள்.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி அங்கேதான் அதிகம். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று பழையதாகிவிடும், மறுபடி வாங்க வேண்டி வரும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் தனியாக உண்டு. தொழிற்படிப்புக் கலந்தாய்வில் கட்டணச் சலுகை கிடைக்க அது வேண்டும். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் பதியலாம். அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று போய்த் திரும்பும். எங்கேயாவது ஒரு இடத்தில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்தத் தகவல் பதிவு செய்தபோது கொடுத்த போன் நம்பருக்குத்தான் வரும். பல வீடுகளில் அது யாரோ ஒரு உறவினரின் பழைய நம்பராக இருக்கிறது. அதனால் பதிவு செய்யும்போதே உயிரோடு இருக்கும் நம்பரைக் கொடுக்க வையுங்கள், அந்த நம்பரையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் கல்லூரியில் சேர்ந்து மாதங்கள் ஓடியும் உதவித்தொகை வரவில்லை. விசாரித்தால் எல்லாமே சரி, பாஸ்புக்கும் இருக்கிறது. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தார்கள், ஆனால் அரசுப் பணம் வந்து சேர்வதற்கான இணைப்பு நடக்கவில்லை. வங்கியில் அதற்கென்று தனிப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டியிருந்தது. அதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. “பணம் வந்தா வரும், வராட்டி போவட்டும்மா, யார்கிட்ட போய்க் கேக்கறது” என்றார் அவர். நல்ல மனுஷி. கேட்கலாம் என்பதே தெரியாமல் ஒரு குடும்பம் இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இது சலுகை இல்லை, அவர்கள் பிள்ளைக்கு உரிய பணம். நீங்கள் கூடப் போய் நின்றால் ஒரு காலை நேரத்தில் முடியும் வேலை இது.

பத்தாவது ரிசல்ட் அன்று நோட்டோடு ஊரில் இருங்கள். லீவு போட்டாவது இருங்கள். தேர்ச்சி பெறாத பிள்ளை அன்றைக்குத் தனியாக இருக்கக் கூடாது. அதே வருடம் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது, தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அந்த வருடமே பதினொன்றில் சேரலாம் என்பதை அன்று மாலைக்குள் அந்த வீட்டில் சொல்லிவிட வேண்டும். “ஒரு வருஷம் போச்சு, வேலைக்கு அனுப்பிடலாம்” என்று வீட்டில் முடிவாகிவிட்டால் அப்புறம் திருப்புவது கஷ்டம். பதினொன்று வேண்டாம் என்றால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேரவும் வழி இருக்கிறது. பிள்ளை சோர்ந்து போயிருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ 14416 மனநல உதவி எண்ணுக்கோ பேச வையுங்கள், இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். பள்ளிக் கல்வி பற்றிய சந்தேகங்களுக்கு 14417 இருக்கிறது.

இதே கோடை விடுமுறையில்தான் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சும் எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போவதை விட, முதலில் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து, பெண் கல்லூரி முடிக்கும் வரை மாதம் எவ்வளவு வரும், விடுதி எங்கே இருக்கிறது என்று பேசிப் பாருங்கள். பல வீடுகளில் பயம்தான் காரணம், பிடிவாதம் இல்லை. பேசியும் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தயங்காமல் அழையுங்கள். அழைத்தவர் யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

இனி டியூஷன். இல்லம் தேடிக் கல்வியில் ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள், மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம் வரை. இந்த அளவு சரியானது என்பது என் அனுபவம். அதற்கு மேல் கூட்டினால் சத்தத்தை அடக்குவதிலேயே பொழுது போகும். வீட்டுப்பாடம் எழுத வைக்கும் இடமாக மாற்றிவிடாதீர்கள். ஆறாவது, ஏழாவது வந்தும் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவியல் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் ஏறாது. தினமும் வாய்விட்டுப் படிக்க வைப்பதே முதல் வேலை. அதற்குப் பாடப்புத்தகம் உதவாது, ஏற்கெனவே அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் போயிருப்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் படித்துக் காட்டட்டும். தான் தடுமாறுவது தெரியாமலே பெரியவன் பழகிவிடுவான். நான் பார்த்ததிலேயே அதிகம் பலன் தந்த வழி இதுதான்.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தால் வந்தது, ஆக அந்தப் புத்தகங்கள் நம் காசு. மதுரையிலும் சென்னையிலும் பெரிய நூலகங்களில் குழந்தைகள் பகுதி அருமையாக இருக்கிறது, ஒருமுறை கூட்டிப் போக முடிந்தால் நல்லது. ஆனால் உங்களுக்கு வேண்டியது பக்கத்து ஊர்க் கிளை நூலகமோ, ஊர்ப்புற நூலகமோதான். நூலகரிடம் பேசி எல்லாப் பிள்ளைகளையும் உறுப்பினராக்குங்கள். உறுப்பினர் கட்டணம் சிறியது, உங்கள் குழு பணம் போட வேண்டிய முதல் செலவாக நான் இதைத்தான் சொல்வேன்.

பள்ளியோடு மோதாதீர்கள். தலைமை ஆசிரியரை முதல் வாரமே போய்ப் பாருங்கள். என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பெயர் திருத்தமும் பள்ளியில்தான் நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். உங்கள் தெரு அம்மாக்களில் பேசத் தயங்காத ஒருவரை அந்தக் குழுவுக்கு வரச் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவு, ஆசிரியர் இல்லாத பாடம் போன்றவற்றை வெளியாளாக நீங்கள் கேட்பதற்கும் குழு உறுப்பினராக ஒரு தாய் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வகுப்பைக் கோயில் மண்டபத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய திறந்த இடத்தில் வையுங்கள். உங்கள் ஊரில் கோயில் மண்டபம் அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். எந்த நாளும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுங்கள். அந்த நோட்டில் அடுத்தவர் வீட்டு விவரங்கள் இருக்கின்றன, அதனால் ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள், போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். இப்போது தொடங்குவதாக இருந்தால் ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளின் பக்கங்களை மட்டும் முதலில் நிரப்புங்கள். மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.