மந்தநிலையில் உண்மைக் கூலி ஏறுமா, இறங்குமா?

பொருளாதார மந்தநிலையில் உண்மைக் கூலி (விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் கூலிக்கு இருக்கும் வாங்கும் சக்தி) குறையத்தானே வேண்டும், புள்ளிவிவரத்தில் சில சமயம் ஏறுகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சராசரியை அப்படியே நம்புவதால் வரும் குழப்பம் இது.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் வேலை போனது, அதே மாதம் சராசரி மணிக்கூலி 4.7 சதவீதம் ஏறியது! யாரும் யாருக்கும் சம்பளத்தை வாரி வழங்கிவிடவில்லை. ஓட்டல், கடை என்று குறைந்த கூலிக்காரர்கள்தான் அதிகம் வெளியேற்றப்பட்டார்கள், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 பேருக்கு நாளுக்கு 500, 4 பேருக்கு 1000 என்றால் சராசரி 700. ஐந்நூறுகாரர்களில் 4 பேரை நிறுத்திவிட்டால் சராசரி 833 ஆகிவிடும், மிச்சமிருப்பவர்களுக்கு ஒரு காசு கூடாமலே.

1994இல் மூன்று பொருளாதார நிபுணர்கள், சராசரியை விட்டுவிட்டு அதே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த தரவை எடுத்துப் பார்த்தார்கள். நல்ல காலத்தில் உண்மைக் கூலி ஏறுவதும் கெட்ட காலத்தில் இறங்குவதும் அதில் தெளிவாகவே தெரிந்தது. (வேலைவாய்ப்பு கூடும்போது உண்மைக் கூலி இறங்கும் என்று 1936இல் எழுதிய பிரிட்டிஷ் பொருளாதார மேதை கெய்ன்ஸே, டன்லப், டார்ஷிஸ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் தரவோடு வந்து மறுத்த பிறகு, 1939இல் அதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.)

சரி, மந்தத்தில் முதலாளி எல்லோர் சம்பளத்தையும் வெட்டுவாரா? பெரும்பாலும் மாட்டார். வெட்டினால் இருப்பவர்கள் மனம் விட்டுப்போய் ஏனோதானோ என்று வேலை பார்ப்பார்கள், நல்ல ஆட்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். அதனால் ஆளைக் குறைப்பார், ஓவர்டைமை நிறுத்துவார், சம்பள உயர்வைத் தள்ளிப்போடுவார், அப்புறம் ஏறுகிற விலைவாசியே உண்மைக் கூலியைக் குறைத்துவிடும். விலைவாசியே சரிந்தால் கதை வேறு: 1929 முதல் 1933 வரை அமெரிக்காவில் விலைகள் ஏறக்குறைய கால்வாசி விழுந்ததால், வேலை தப்பியவர்களின் மணிக்கூலிக்கு மதிப்பு பெரிதாகக் கெடவில்லை, ஆனால் நாலில் ஒருவருக்கு வேலையே இல்லை.

என் பார்வையில் பொருளாதாரத்தின் இந்த ஏற்ற இறக்கச் சுழற்சியின் அடி நேராக விழுவது புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் மேலும், வேலை மாறுகிறவர்கள் மேலும்தான். கனடாவில் மந்த காலத்தில் பட்டம் முடித்து வந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அந்தச் சம்பளக் குறைவு மறைய சுமார் 10 வருடம் பிடித்தது.