பின்னோக்குக் கண்ணாடியும் நாட்டுக்கொரு விலையும்: போர் விமான சிமுலேட்டர் கேள்வி பதில்

போர் விமானத்தைக் கணினியில் ஓட்டும் சிமுலேட்டர்களில் பல ஆண்டுகளாகப் பறந்து வருகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பாதி காக்பிட்டின் (விமானி அறையின்) பின்னோக்குக் கண்ணாடியைப் பற்றியவை, பாதி விலையைப் பற்றியவை. ஒன்றில் கணினியின் வலிமை தடையாக நிற்கிறது, மற்றொன்றில் பணம். வானத்துக்கு வர விரும்பும் ஒருவரைத் தரையிலேயே நிறுத்திவைப்பவை இவை இரண்டும்தான் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கண்ணாடியை இயக்கியவுடன் பிரேம் எண்ணிக்கை (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) சரிந்துவிடுகிறது. உள்ளங்கை அளவுக் கண்ணாடிக்கு இவ்வளவு செலவாகுமா?

திரையில்தான் அது உள்ளங்கை அளவு. கணினியைப் பொறுத்தவரை அது பின்பக்கம் பார்க்கும் இரண்டாவது கேமரா. நிலம், மேகம், மரங்கள், மற்ற விமானங்கள் அனைத்தையும் அந்தக் கோணத்திலிருந்து மீண்டும் ஒருமுறை வரைந்து, அந்தப் படத்தைக் கண்ணாடியின் மேல் ஒட்ட வேண்டும். செலவைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் படத்தின் நுணுக்கத்தைக் குறைக்கிறார்கள், தொலைவிலுள்ள மரங்களையும் நிழல்களையும் விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் புதுப்பிக்கிறார்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நுணுக்கத்தைக் குறைத்தால் கிராபிக்ஸ் கார்டின் சுமைதான் குறையும். என்னென்ன பொருள்களை வரைய வேண்டும் என்று பட்டியலிட்டு அனுப்பும் பிராசசரின் வேலை அப்படியே இருக்கும். உங்கள் கணினியில் திணறுவது பிராசசர் என்றால், கண்ணாடியின் நுணுக்கத்தை எவ்வளவு தாழ்த்தினாலும் பலன் தெரியாது. முற்றிலும் அணைப்பதுதான் வழி. டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் கண்ணாடியை இயக்கவும் அணைக்கவும் விசை இருக்கிறது. அதை ஜாய்ஸ்டிக்கின் பொத்தான் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போது அணைத்துவிட்டு, எதிரி இருக்கக்கூடிய உயரத்துக்கு ஏறியதும் இயக்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஐநூறு மீட்டர் பின்னால் எதிரி வந்தும் கண்ணாடியில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. இது சிமுலேட்டரின் குறையா?

பாதி குறை, பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் இறக்கை அகலமுள்ள விமானம் 500 மீட்டர் தொலைவில் நம் கண்ணுக்கு ஒரு டிகிரியைச் சற்றே தாண்டிய அளவில் தெரியும். கண்ணாடி குவி ஆடியாக இருந்தால் பரப்பு அதிகம் தெரியும், உருவம் சுருங்கும். அதன் குவியத் தூரம் 25 சென்டிமீட்டர், உங்கள் கண்ணிலிருந்து அது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். உருவம் ஏறத்தாழ 30 விழுக்காடாகிவிடும். அதாவது 500 மீட்டரில் இருப்பவன் 1,700 மீட்டரில் இருப்பவன் போலத் தெரிவான். இது ஒளியியல். மெய்யான விமானியும் இப்படித்தான் பார்த்தார், அதுவும் இயந்திர அதிர்வில் நடுங்கும் பிம்பத்தை.

குறை இதற்கு மேல் சேர்வது. 1,920 பிக்சல் அகலத் திரையில் 90 டிகிரி காட்சி என்றால் ஒரு டிகிரிக்குச் சராசரியாக 21 பிக்சல். அந்த எதிரிக்குக் கிடைப்பது ஏழு பிக்சல். கண்ணாடியின் படத்தைப் பாதி நுணுக்கத்தில் வரைந்தால் மூன்று அல்லது நான்கு. மெய்யான விமானியின் கண் அந்தச் சிறு உருவத்திலும் இறக்கையைப் பிரித்தறியும். நமக்குக் கிடைப்பது கறை மட்டுமே. ஆகவே கண்ணாடியில் விமானத்தின் அடையாளத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். பின்னணி நகர, ஒரு கறை மட்டும் நகராமல் நின்றால் அது உங்களைத் துரத்துகிறது. உடனே திரும்புங்கள்.

தலையில் அணியும் விஆர் ஹெட்செட்டில் கண்ணாடி தட்டையான புகைப்படம் போல இருக்கிறதே?

மெய்யான கண்ணாடியில் தலையை நகர்த்தினால் காட்சி மாறும், பிம்பத்துக்கு ஆழமும் இருக்கும். ஒரே கேமராவால் வரைந்த படத்தை இரண்டு கண்களுக்கும் காட்டினால் அந்த ஆழம் போய்விடும். சரியாகச் செய்ய, கண்ணுக்கு ஒன்றாகப் பின்காட்சியை இரண்டு முறை வரைய வேண்டும். முன்காட்சியையும் சேர்த்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் நான்கு வரைதல்கள். இன்றைய கணினிகளில் அதைக் கேட்பது நியாயமல்ல. ஆனால் தலை நகரும்போது கேமராவின் கோணத்தை மாற்றுவது அவ்வளவு செலவில்லாத வேலை. அதைக்கூடச் செய்யாத சிமுலேட்டர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவது சரியா?

உங்களுக்கு வலப்பின்புறம் இருப்பவன் கண்ணாடியிலும் வலப்பக்கமே தெரிய வேண்டும். அவன் இறக்கையிலுள்ள எழுத்துகள் தலைகீழாகாமல் இடவலம் மட்டும் மாறியிருக்க வேண்டும். எழுத்து நேராகப் படிக்க வந்தால், பின்கேமராவின் படத்தைத் திருப்பாமல் ஒட்டிவிட்டார்கள் என்று பொருள். அது பிழை. தவறான பக்கம் திரும்பவைக்கும் பிழை என்பதால் கட்டாயம் தெரிவியுங்கள்.

பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் கண்ணாடி உண்டு, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் இல்லை. ஆன்லைன் சண்டையில் இது அநீதி அல்லவா?

வரலாறு அப்படி இருந்தது, ஐயா. 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் காரின் பின்னோக்குக் கண்ணாடிகளைக்கூட வாங்கி முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் பொருத்திக்கொண்டார்கள். காற்றோட்டத்தில் நிற்பதால் சிறிது வேகம் குறையும். தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டார்கள். 109-இன் கேனபியில் (விமானி அறையின் மேல்மூடியில்) தடித்த சட்டங்கள், தலைக்குப் பின்னால் எஃகுக் கவசத் தகடு. பின்னர் வந்த வகைகளில் அந்தத் தகட்டுக்குப் பதிலாக ஊடே பார்க்கக்கூடிய கவசக் கண்ணாடி வைத்துப் பின்பார்வையைச் சீர்செய்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே குறையை இரண்டு வழிகளில் தீர்த்தன.

அநீதி வேறிடத்தில் இருக்கிறது. சிமுலேட்டரில் கழுத்து வலிப்பதில்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்றால் 6 ஜி (எடை ஆறு மடங்காகும்) திருப்பத்தில் அது 36 கிலோ. அந்த எடையோடு எந்த விமானியும் வால் வரைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டார். நாமோ பொத்தானை அழுத்திப் பின்னால் பார்த்துவிடுகிறோம். கழுத்துக்கும் ஜி விசைக்கும் எல்லை வைக்கும் சிமுலேட்டரில்தான் கண்ணாடிக்கு அதன் மெய்யான மதிப்பு கிடைக்கும்.

ஜெட் விமானங்களில்?

எஃப்/ஏ-18சி ஹார்னெட்டின் கேனபிச் சட்டத்தில் மூன்று கண்ணாடிகள் உண்டு. மிக்-21-இன் பிந்தைய வகைகளில் கேனபியின் மேல் பின்னால் பார்க்க உதவும் சிறிய பெரிஸ்கோப்.

சிமுலேட்டருக்குத் தனியாக விற்கும் ஒரே விமானம் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் நாட்டுக்கு நாடு வேறு விலையில் இருக்கிறது. யார் முடிவு செய்கிறார்கள்?

பதிப்பாளர்தான். டாலர் விலைக்கு ஈடாக ஒவ்வொரு நாணயத்திலும் என்ன வைக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் பரிந்துரைக்கிறது. அதைப் பின்பற்றக் கட்டாயமில்லை. அந்தப் பரிந்துரைகளை 2022 அக்டோபரில் திருத்தியபோது பல நாணயங்களில் விலை உயர்ந்தது. 2023 நவம்பரில் அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர் நாணயத்தைக் கைவிட்டு, அந்தப் பகுதிகளுக்கான தனி டாலர் விலைக்கு ஸ்டீம் மாறியது. நாணய மதிப்பு நிலையில்லாமல் ஆடியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

விபிஎன் வழியாக விலை குறைந்த நாட்டில் வாங்கலாமா?

வேண்டாம். இடத்தை மறைப்பது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு எதிரானது, கணக்கே முடக்கப்படலாம். அதைவிடப் பெரிய தீங்கு, இப்படி வாங்குபவர்களுக்கு அஞ்சித்தான் பதிப்பாளர்கள் குறைந்த விலையை எடுத்துவிடுகிறார்கள். அடி விழுவது அந்த நாட்டில் மெய்யாகவே வாழும் விமானிக்கு.

தயாரிப்பாளர்கள் வருமானம் குறைந்த நாடுகளுக்கு விலையைக் குறைக்க வேண்டுமா?

வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு விமானத்தைத் துல்லியமாக உருவாக்க ஆண்டுகள் ஆகின்றன, வாங்குபவர்களோ சிலர். அவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உருவாக்கிய செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. கூடுதலாக ஒரு பிரதி விற்க ஆகும் செலவு மிகக் குறைவு. முழு விலைக்கு ஒருபோதும் வாங்க முடியாதவரிடம் பாதி விலை பெறுவது இழப்பல்ல. மேலும், ஆள் இல்லாத சர்வரில் எவ்வளவு துல்லியமான விமானமும் தனியாகத்தான் சுற்றிவரும்.

பணமே போடாமல் தொடங்க முடியுமா?

முடியும். டிசிஎஸ்-இன் அடிப்படைத் தொகுப்பு இலவசம். சு-25டி, டிஎஃப்-51டி என்ற இரண்டு விமானங்கள் அதனுடன் வருகின்றன. ஸ்டீம் அல்லாத பதிப்பில் பல விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற இரண்டு மணி நேர வரம்பு உண்டு. சிக்கலான ஜெட் ஒன்றின் இயந்திரத்தை இயக்கக் கற்பதற்கே அந்த நேரம் போய்விடும். 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 என்ற சிமுலேட்டர் உங்களிடம் இருந்தால் அதை மேம்படுத்தும் பிஎம்எஸ் இலவசம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. புதிய விமானமா, கண்ணாடிக்காகக் கிராபிக்ஸ் கார்டா?

இரண்டும் இப்போது வேண்டாம். தலை அசைவைப் படித்துத் திரைக் காட்சியைத் திருப்பும் வசதியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவைக் கொண்டே அதைச் செய்யும். கண்ணாடியை அணைத்துவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை விமானத்தை இடமும் வலமும் மெல்லத் திருப்பி, வாலுக்குப் பின்னால் நீங்களே பாருங்கள். ஒரு மாதம் அப்படிப் பறந்தபின் எந்த விமானம் வேண்டும் என்று எழுதுங்கள். அப்போது பேசுவோம்.